பிளான் ரிஜெக்ட் ஆயிடுச்சு: திருத்திப் போடவா, அப்பீலா, கோர்ட்டா, இல்ல கட்டிட்டுப் பாத்துக்கலாமா?

போன மாசம் மட்டும் மூணு பேர் இதே கேள்வியோட போன் பண்ணாங்க. ஒருத்தருக்கு தாம்பரம் தாண்டி 1200 சதுர அடி மனை, ஒருத்தருக்கு திருச்சி பக்கம் அப்பா வாங்கிப் போட்ட அஞ்சரை சென்ட், மூணாவது ஆள் எங்க சொந்தத்துலயே ஒரு தம்பி. மூணு பேருக்கும் வீட்டு பிளான் ரிஜெக்ட். மூணு பேரும் போன் பண்றதுக்கு முன்னாடியே மனசுல முடிவு பண்ணிட்டாங்க, நான் சரின்னு சொன்னா போதும்ங்கற மாதிரி. ஒருத்தர் "விட மாட்டேன், ஐகோர்ட்டுக்கே போறேன்"ங்கறாரு, இன்னொருத்தர் "அண்ணே பேசாம அஸ்திவாரத்தப் போட்ருவோமா, கேட்டா பாத்துக்கலாம்"ங்கறாரு. சரிப்பா லெட்டர்ல என்ன காரணம் போட்டுருக்குன்னு கேட்டா மூணு பேருமே ஏதோ செட்பேக்னு (வீட்டச் சுத்தி காலியா விட வேண்டிய இடம்) போட்டுருக்கான்... பட்டான்னு ஏதோ... அப்படின்னு இழுக்கறாங்க. லெட்டரையே முழுசா படிக்கல!

நானும் அப்படி இருந்தவன்தான், அதனால திட்ட மனசு வரல. ஆனா அந்த லெட்டர்ல இருக்கற காரணத்த வச்சுத்தான் எந்த வழின்னு முடிவு பண்ண முடியும், கோவத்த வச்சு இல்ல. போன்ல மூணு தடவை சொன்னத இங்க ஒரே தடவையா எழுதிடறேன். தமிழ்நாட்டு வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் இது, பெரிய அபார்ட்மென்ட் கட்றவங்க கதை வேற.

முதல்ல, அது ரிஜெக்டா ரிட்டர்னா?

ஆன்லைன்ல போட்ட அப்ளிகேஷன் திரும்ப வந்தாலே ஜனங்க ரிஜெக்ட்னு சொல்லிடறாங்க. பாதிப் பேருக்கு வர்றது ரிஜெக்ஷனே இல்ல, "இந்த டாக்குமெண்ட் இல்ல, இத விளக்கு"ன்னு கேட்டு திருப்பி அனுப்பறதுதான். அதுக்கு பதில் குடுத்தா அதே ஃபைல் நகரும். அத ரிஜெக்ட்னு நினைச்சு ரெண்டு மாசம் சும்மா இருந்தீங்கன்னா அப்புறம் நெஜமாவே குளோஸ் பண்ணிடுவாங்க.

நெஜமான மறுப்பா இருந்தா எழுத்துல காரணத்தோட வரணும். 1971 ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்துலயே அனுமதி மறுத்தா காரணத்தச் சொல்லணும்னு இருக்கு. கவுண்டர்ல வாயால "இதெல்லாம் ஆகாது சார்"னு சொல்றது மறுப்பு ஆணை இல்ல, அத வச்சு நீங்க எங்கயும் போக முடியாது. எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. பல நேரம் எழுதிக் குடுங்கன்னு கேட்ட உடனே அந்த "ஆகாது" கொஞ்சம் இளகும், அது தனி வேடிக்கை.

இன்னொண்ணு, மறுத்தது யாருன்னு பாருங்க. சின்ன வீடுங்கள (10,000 சதுர அடி, 8 வீடு வரைக்கும்) உள்ளாட்சியே பாக்கற மாதிரி அதிகாரத்தப் பிரிச்சுக் குடுத்துருக்காங்க, அதுக்கு மேல போனா சென்னைப் பக்கம் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இல்லன்னா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). பிளானிங் பெர்மிஷன் (திட்ட அனுமதி) வேற, பில்டிங் பெர்மிட் (கட்டட அனுமதி) வேற, ரெண்டுக்கும் சட்டம் வேற வேற. எந்தச் சட்டத்துல எந்தப் பிரிவுல மறுத்துருக்காங்கன்னு லெட்டர்ல ஒரு வரி இருக்கும், அந்த வரிதான் அப்புறம் எல்லாத்துக்கும் சாவி.

எத வச்சு எடை போடறது

நான் பாக்கறது அஞ்சு விஷயம்.

தப்பு எங்க இருக்கு: பேப்பர்லயா, பிளான்லயா, நிலத்துலயா, ஆபீஸ்லயா. இதுதான் பாதி முடிவு. பட்டா இன்னும் பழைய ஓனர் பேர்ல இருக்குன்னா அது பேப்பர். பக்கவாட்டுல விட வேண்டிய இடம் பத்தலன்னா அது பிளான். மனையே அப்ரூவ் ஆகாத லேஅவுட்ல இருக்கு, இல்ல மாஸ்டர் பிளான்ல விவசாய மண்டலம்னு இருக்கு, இல்ல ஏரி ஓரமா இருக்குன்னா அது நிலம். ரூல்ல இல்லாத ஒரு என்ஓசிய (வேற துறையோட ஆட்சேபணை இல்லாச் சான்று) கேக்கறாங்க, காரணமே சொல்லாம மறுக்கறாங்கன்னா அது ஆபீஸ்.

அடுத்தது நேரம். நேரம்னா ஃபைல் நகர்ற நேரம் மட்டும் இல்ல, அந்த மாசமெல்லாம் நீங்க குடுக்கற வாடகை, மனைக்கு வாங்குன லோனுக்குப் போற வட்டி, ஏறிட்டே இருக்கற கம்பி சிமெண்ட் விலை எல்லாம் சேத்து. பழைய வீட்ட வித்த லாபத்துல வரி விலக்குக்காக புது வீடு கட்றீங்கன்னா வித்த தேதியிலருந்து 3 வருஷத்துக்குள்ள கட்டி முடிக்கணும், இந்தக் கணக்க ஆடிட்டர் ஞாபகப்படுத்தற வரைக்கும் யாரும் யோசிக்கறதில்ல.

மூணாவது கைக்காசு. நாலாவது, இந்த வழியில போனா இன்னொரு வழி அடைபடுமாங்கறது, முக்கியமா அப்பீல் கெடு. அஞ்சாவது, நாளைக்கு வீட்ட விக்கவோ அடமானம் வைக்கவோ போனா பேப்பர் நிக்குமாங்கறது.

| வழி | எந்தக் கேஸுக்கு | எவ்ளோ நாள் | மறைஞ்சிருக்கற செலவு |
|---|---|---|---|
| திருத்திப் போடறது | பேப்பர், பிளான் தப்பு | வாரங்கள், சில மாசம் | திரும்ப ஃபீஸ், திரும்ப டிராயிங், ஒரு ரூம் சின்னதாகறது |
| நிலத்தச் சரி பண்றது | அப்ரூவல் இல்லாத மனை, மண்டலம் | பல மாசம், வருஷமும் ஆகும் | கட்டணம், விளம்பரம், அலைச்சல் |
| அரசுக்கு அப்பீல் | ரூல தப்பா படிச்சு மறுத்தா | மாசக்கணக்கு | காத்திருக்கற வாடகை |
| ஐகோர்ட் ரிட் | பதிலே இல்ல, காரணமே இல்ல | மாசங்கள் | லாயர் ஃபீஸ், ஆர்டர் வந்தும் திரும்ப ஆபீஸ் |
| கட்டிட்டுப் பாத்துக்கறது | எந்தக் கேஸுக்கும் இல்ல | உடனே | கடைசி வரைக்கும் |

வழி 1: திருத்தித் திரும்பப் போடறது

பத்துல ஏழெட்டு வீட்டுக்கு இதுதான் சரியான வழின்னு என் அபிப்பிராயம், ஆனா இதத்தான் யாரும் விரும்பறதில்ல, தோத்துப் போன மாதிரி இருக்குமாம்.

என் கதையச் சொல்றேன். பக்கவாட்டுல இடம் பத்தலன்னு என் பிளான திருப்பிட்டாங்க. நான் போய் கவுண்டர்ல நின்னு கத்துனேன், பத்திரத்துல முப்பது அடின்னு தெளிவா இருக்கு சார், என் எஞ்சினியர் முப்பதுக்குத்தான் வரைஞ்சிருக்காரு, நீங்க எப்படி இல்லங்கறீங்கன்னு. உள்ள இருந்த ஆள் ஒண்ணும் பேசல, "சர்வேயரக் கூப்ட்டு அளந்து பாருங்க சார்"னு மட்டும் சொன்னாரு. எனக்கு அதுவும் அலைக்கழிக்கற வேலையாத்தான் தெரிஞ்சுது. கோவத்துல பத்து நாள் போச்சு. அப்புறம் கட்டணம் கட்டி அளந்தா மனை அகலம் இருபத்தொன்பது அடி சொச்சம், எட்டு இஞ்ச் கம்மி! பக்கத்து வீட்டு காம்பவுண்ட் எங்க கல்ல தாண்டி வந்து நிக்குது, பதினஞ்சு வருஷமா நிக்குது, நாங்கதான் பாக்கல. எஃப்எம்பி ஸ்கெட்ச்சும் (சர்வே துறையோட புல வரைபடம்) ஆபீஸ்காரங்க சொன்னதும் ஒத்துப் போச்சு, என் பத்திரமும் என் எஞ்சினியரும்தான் தனியா நின்னோம். நான் பாத்த வரைக்கும் பத்திரம், பட்டா, இடத்துல அளந்தது மூணுல எது கம்மியோ அதத்தான் எடுத்துப்பாங்க.

படிக்கட்ட உள்ள தள்ளி, சமையலறைய ஒரு அடி குறைச்சு திரும்பப் போட்டோம், வந்துருச்சு. வீட்ல அந்த ஒரு அடிக்கு இன்னிக்கும் பேச்சு வாங்கறேன், அது வேற. மொத்தமா நாலு மாசம் போச்சு, அதுல ஆபீஸ் எடுத்தது ஒண்ணரை மாசம்தான், மிச்சம் என் கோவம் எடுத்துகிட்டது.

இந்த வழியில செலவு என்னன்னா, பரிசீலனைக் கட்டணம் திரும்ப வந்து நான் பாத்ததில்ல, அதனால அது ரெண்டாவது தடவையும் போகும். எஞ்சினியர் டிராயிங்க மாத்தறதுக்கு தனியா கேப்பாரு, முதல் தடவையே மனைய அளக்காம வரைஞ்சவர்னா அந்தக் காச குடுக்காதீங்க, பேசுங்க. பேங்க்ல லோன் சாங்ஷன் ஆயிருந்தா பழைய பிளானுக்கு ஆனது, புது பிளானக் குடுத்து மறுபடி எஸ்டிமேட் போட வேண்டி வரும்.

பேப்பர் தப்புன்னா இன்னும் சுலபம்னு நினைப்பீங்க. பட்டா பேர் மாத்தறது சில நேரம் சுலபம்தான், உட்பிரிவு இல்லாத நிலம்னா வேகமா ஆகும். உட்பிரிவு பண்ணணும்னா சர்வேயர் வரணும், அவர் வர்ற நாள்தான் கணக்கு. வாரிசு சொத்துல அத்தை கையெழுத்து ஒண்ணு பாக்கி இருக்குன்னா அது பிளான் பிரச்சனையே இல்ல, குடும்பப் பிரச்சனை, அத முடிச்சுட்டு வாங்க.

இதுலயே ஒரு கிளை வழி இருக்கு, நிறைய பேருக்கு இன்னும் தெரியல. 2024 ஜூலைல அரசு சுயசான்று முறையில உடனடி அனுமதின்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. மனை 2500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3500 சதுர அடிக்குள்ள, தரைத்தளம் இல்லன்னா தரைத்தளமும் முதல் மாடியும், உயரம் 7 மீட்டருக்குள்ளன்னா (இது அப்போ வச்ச வரம்பு) ஒற்றைச் சாளர ஆன்லைன் தளத்துல நீங்களே சான்று குடுத்து அனுமதி எடுத்துக்கலாம், முன்கூட்டி யாரும் வந்து பாக்க வேண்டியதில்ல, கட்டணமும் சதுர அடிக்கு இவ்ளோன்னு ஒரே தடவையில முடிஞ்சுரும். ரெண்டு மாடி போட்டு ரிஜெக்ட் ஆனவங்க ஒரு மாடிய இப்போதைக்கு விட்டுட்டு இதுல வந்துரலாம். திருச்சிக்காரருக்கு நான் சொன்னது இதான், அவர் பையனுக்கு இப்போ வயசு ஒம்பது, மேல் மாடி இன்னும் பதினஞ்சு வருஷம் கழிச்சு போதும்.

ஆனா இத குறுக்கு வழின்னு நினைக்கறாங்க பாருங்க, அதுதான் பயமா இருக்கு. ரூல் அதே ரூல்தான். செட்பேக் பத்தாத மனைய சுயசான்றுல போட்டா அனுமதி வந்துரும், கையெழுத்து உங்களுது, தப்பும் உங்களுதுன்னு ஆயிடும். பின்னாடி பாத்தாங்கன்னா அனுமதியே ரத்து. முதல் தடவை ரிஜெக்ட் ஆன காரணம் அப்படியே இருக்கும்போது இதுல போய் நுழையாதீங்க.

வழி 2: நிலத்தையே சரி பண்றது

காரணம் நிலத்துல இருந்தா பிளான பத்து தடவை மாத்தி வரைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. இதுல ரெண்டு பெரிய ரகம்.

ஒண்ணு அப்ரூவ் ஆகாத மனை. 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் இந்த மாதிரி மனைங்களப் பதிவு பண்ணவே தடை போட்டதும் ஊரே அல்லாடுனது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் 2017 மே மாசம் வரன்முறை விதிகள் வந்துச்சு, 20.10.2016 க்கு முன்னாடி பதிவான மனையா இருந்தா கட்டணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்னு. அதுக்கான கெடுவ பல தடவை நீட்டிச்சாங்க, நீங்க போற நேரத்துல திறந்திருக்கான்னு பாத்துட்டுப் போங்க. அந்தத் தேதிக்கு அப்புறம் புதுசா பிரிச்சு வித்த மனைன்னா இந்தக் கதவு கிடையாது. நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு, பொது வழி இதுல வர்ற மனைக்கும் கிடையாது, எவ்ளோ கட்டணம் கட்டத் தயாரா இருந்தாலும்.

இதுல மறைஞ்சிருக்கற சிக்கல், உங்க மனைய மட்டும் பாத்தா பத்தாது. மொத்த லேஅவுட்டுக்கும் ஒரு அமைப்பு வரைபடம் ஒப்புதல் ஆகணும், அப்புறம்தான் தனி மனை. லேஅவுட் போட்ட புரோக்கர் போன எடுக்க மாட்டான், பக்கத்து மனைக்காரர் துபாய்ல இருப்பாரு. நாலு மனைக்காரங்க சேந்து போனா வேகமா நடக்குது, தனியா போனா நீங்கதான் எல்லாருக்கும் சேத்து அலையணும்.

ரெண்டாவது ரகம் மண்டலம். சென்னைக்கு 2008 செப்டம்பர்ல வந்த ரெண்டாவது மாஸ்டர் பிளான்ல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் என்ன உபயோகம்னு போட்டுருக்கு. உங்க இடம் விவசாயம்னோ நிறுவனம்னோ இருந்தா வீட்டுக்கு அனுமதி வராது, நில உபயோக மாற்றம் கேக்கணும். கமிட்டி பாக்கணும், பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆட்சேபணை கேக்கணும், கெசட்ல வரணும். மாஸ்டர் பிளான் இல்லாத கிராமப் பகுதின்னா விவசாய நிலத்த மாத்தறதுக்கு தனி விதி 2017 லருந்து இருக்கு, வேளாண் துறைகிட்டயும் கருத்து கேப்பாங்க. நஞ்சை நிலம்னா கஷ்டம்.

ஒரே ஒரு வீடு கட்றதுக்காக மண்டலம் மாத்தப் போறதுல எனக்கு நம்பிக்கை கம்மி. சுத்தி எல்லாம் ஏற்கனவே வீடா மாறிப் போயி உங்க சர்வே நம்பர் மட்டும் மேப்ல பழைய நிறத்துல நிக்குதுன்னா போங்க, நியாயம் இருக்கு. நடு வயல்ல தனியா ஒரு மனைன்னா, மனசத் தேத்திகிட்டு வித்துட்டு வேற இடம் பாக்கறதுதான் கம்மி நஷ்டம். தாம்பரம் பக்கத்துக்காரர்கிட்ட இதச் சொன்னதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் அவர் என்கிட்ட பேசல.

ஏரி, குளம், வாய்க்கால் ஓரம்னு காரணம் வந்திருந்தா நீர்வளத் துறை என்ஓசி கேட்டுப் பாக்கலாம், ஆனா 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இதுல யாரும் இளகறதில்ல, இளகவும் கூடாது. வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நிக்கப் போறது நீங்கதான்.

வழி 3: அரசுக்கு அப்பீல்

அதே 1971 சட்டத்துல 79 ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, திட்ட அனுமதிய மறுத்தா மேல்முறையீடு பண்ணலாம். சிஎம்டிஏ மறுத்திருந்தா வீட்டு வசதி நகர்ப்புற வளர்ச்சித் துறை செயலாளர்கிட்ட போகும், மத்தபடி யார்கிட்டங்கறத லெட்டரே சொல்லும். பொதுவா 2 மாசக் கெடு, லெட்டர் கைக்கு வந்த தேதியிலருந்து. கவர தூக்கிப் போடாதீங்க, தபால் முத்திரைல தேதி இருக்கு.

எப்போ இது சரியான வழின்னா, அளவெல்லாம் சரியா இருந்தும் ரூல வேற மாதிரி படிச்சு மறுத்துருந்தா. உதாரணத்துக்கு ரோட்டு அகலத்த தப்பா எடுத்துகிட்டாங்க, ஒரு பழைய என்ஓசிய கணக்குல எடுத்துக்கல, 2019 ல எல்லா ஊருக்கும் பொதுவா வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள விட்டுட்டு அதுக்கு முந்தின விதிய மேற்கோள் காட்டிருக்காங்க, இந்த மாதிரி. உங்க பக்கம் ஒரு வரியாவது ரூல் இருக்கணும். "ரொம்ப கஷ்டப்பட்டு வாங்குன இடம்யா"ங்கறது அப்பீல்ல நிக்காது.

விதியிலருந்து விலக்கு குடுக்கற அதிகாரம் 113 ஆம் பிரிவுல அரசுக்கு இருக்கறது வாஸ்தவம்தான், அத யாராவது உங்ககிட்ட சொல்லி "பேசி முடிச்சுத் தர்றேன்"னு வருவாங்க. ஒரு சின்ன வீட்டுக்கு அத நம்பி உக்காராதீங்க.

செலவு கம்மி, லாயர் இல்லாம நீங்களே எழுதலாம், பதிவு பெற்ற எஞ்சினியர் ஒருத்தர் கூட இருந்தா போதும். போறது நேரம்தான். விசாரணைக்கு கூப்பிடற தேதி உங்க கைல இல்ல, அதிகாரி மாறுனா திரும்ப முதல்லருந்து விளக்கணும்.

அப்பீல் எழுதறதுக்கு முன்னாடி ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க. 10 ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் குடுக்கணும். என்ன கேக்கணும்னா, உங்க ஃபைலோட குறிப்புத் தாள் நகல், இடத்த வந்து பாத்தவரோட ஆய்வு அறிக்கை, மறுப்புக்கு அடிப்படையான விதி எண். "ஏன் மறுத்தீர்கள்"னு கேள்வியா கேட்டா அது தகவல் இல்லன்னு தள்ளிடுவாங்க, நகல் குடுன்னு கேளுங்க. அந்தக் குறிப்புத் தாள்ல கீழ இருந்தவர் "பரிந்துரைக்கலாம்"னு எழுதி மேல இருந்தவர் அடிச்சிருந்தா, சாமி வரம் குடுத்தும் பூசாரி விடலங்கற கதை கையெழுத்தோட கிடைச்ச மாதிரி.

ஒரு கணக்கு மட்டும் கவனம். ஆர்டிஐக்கு 30 நாள் போச்சுன்னா அப்பீலுக்கு மிச்சம் ஒரு மாசம்தான். லெட்டர் வந்த வாரமே போட்டுருங்க.

கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு, 1100 ஹெல்ப்லைன், 'முதல்வரின் முகவரி' புகார் மனு இதெல்லாம் அப்பீல் இல்ல. ஃபைல் தூங்குதுன்னா எழுப்ப உதவும். மறுப்ப ரத்து பண்ணாது. மனு குடுத்துட்டோம்னு நிம்மதியா இருந்து கெடுவ விட்டவங்கள எனக்குத் தெரியும்.

வழி 4: ஐகோர்ட்

வாயில ஈஸியா வர்ற வார்த்தை இது. ரிட் (அதிகாரிக்கு உத்தரவு போடச் சொல்லி ஐகோர்ட்ல போடற மனு) போட்டா என்ன நடக்கும்னு தெரிஞ்சுகிட்டுப் போங்க.

அப்பீல் வழி இருக்கும்போது நேரா வந்தா கோர்ட் முதல்ல கேக்கறதே ஏன் அங்க போகலன்னுதான். போயும் பல கேஸ்ல கிடைக்கற ஆர்டர் "மனுதாரரின் விண்ணப்பத்தை இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்கவும்"னு இருக்கும். கவனிங்க, அனுமதி குடுன்னு இல்ல, முடிவெடுன்னு. அதே ஆபீஸ், அதே மேஜை, இந்தத் தடவை இன்னும் நல்லா காரணம் எழுதி மறுக்கலாம்.

அப்போ எதுக்குத்தான் போறது? ரெண்டு இடத்துல இத விட்டா வழி இல்ல. மாசக்கணக்கா பதிலே இல்ல, ரிஜெக்டும் பண்ணல, அனுமதியும் தரல, அந்த மாதிரி நேரத்துல கோர்ட் போடற வாரக் கெடு நல்லா வேலை செய்யும். இன்னொண்ணு, உங்க தரப்ப கேக்காம, காரணம் இல்லாம ஒரு வரில மறுத்திருந்தா அந்த ஆணைய ரத்து பண்ணி திரும்ப பரிசீலிக்கச் சொல்வாங்க.

தென் மாவட்டம், திருச்சி, தஞ்சாவூர் பக்கம்னா மதுரைக் கிளை, கோயம்புத்தூர், சேலம் பக்கம்னா சென்னைக்குத்தான் வரணும். கோர்ட் ஃபீஸ் சொற்பம், லாயர் ஃபீஸ்தான் ஆளுக்கு ஆள் மாறும், மொத்தமா எவ்ளோன்னு முதல்லயே பேசிடுங்க, ஹியரிங்குக்கு இவ்ளோன்னு பேசாதீங்க. அரசுத் தரப்பு டைம் கேட்டா உங்க பாக்கெட்லருந்துதான் போகும்.

செட்பேக் எட்டு இஞ்ச் பத்தாததுக்கு ஐகோர்ட் போறது, எலிக்கு பயந்து வீட்ட கொளுத்தற மாதிரி.

வழி 5: கட்டிட்டுப் பாத்துக்கலாம்

இத ஒரு வழியா எழுதவே கூடாதுன்னு நினைச்சேன். ஆனா மேஸ்திரிலருந்து மச்சான் வரைக்கும் எல்லாரும் சொல்ற முதல் யோசனையே இதுதான், எழுதாம விட்டா நான் மறந்துட்டேன்னு நினைப்பீங்க.

அவங்க சொல்ற நியாயம்: தெருவுல பாதி வீடு பிளான் இல்லாமத்தான் நிக்குது, யார இடிச்சான்? உண்மைதான், நிக்குது. ஆனா மறுப்பு லெட்டர் வாங்காம கட்டுனவருக்கும், வாங்கிட்டு கட்டுன உங்களுக்கும் வித்தியாசம் இருக்கு. உங்க மனை நம்பர் ஆபீஸ்ல பதிவாயிருக்கு, தெரியாம பண்ணிட்டேன்னு நீங்க சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரரோட ஒரு சண்டை, ஒரு புகார், அதே 1971 சட்டத்து 56, 57 பிரிவுல வேலைய நிறுத்துன்னு நோட்டீஸ், அப்புறம் பூட்டி சீல்.

"அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்"னு ஒரு வார்த்தை வரும். விதிமீறுன கட்டடங்களுக்கு 113-சி பிரிவுல ஒரு திட்டம் இருக்கத்தான் செய்யுது, ஆனா அது 1.7.2007 க்கு முன்னாடி கட்டி முடிச்சதுக்கு. இன்னிக்கு நீங்க தோண்டப் போற அஸ்திவாரத்துக்கு அதுல இடம் இல்ல.

"சின்ன வீட்டுக்கு கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டே வேணாமாம், இபி குடுத்துருவான்"னு இன்னொண்ணு. விலக்கு இருக்கறது கட்டி முடிச்ச சான்றுக்கு, பிளானுக்கு இல்ல. இத ரெண்டையும் போட்டுக் குழப்பிகிட்டு ஏகப்பட்ட பேர் திரியறாங்க. 2024 டிசம்பர் 17 ல சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரபிரதேசக் கேஸ்ல நாடு முழுக்கப் பொருந்தற மாதிரி கட்டளை போட்டுருக்கு, எத்தனை வருஷம் ஆனாலும் எவ்ளோ செலவு பண்ணிருந்தாலும் அனுமதி இல்லாத கட்டடம் அதனால நியாயம் ஆயிடாதுன்னு, மின்சாரம், தண்ணி, பேங்க் லோன் எல்லாத்துக்கும் சான்ற பாக்கணும்னு. அதுக்கப்புறம் பேங்க் லீகல் ஆளுங்க கேக்கற கேள்வியே மாறிடுச்சு. கட்டுமான வேலைக்கு குடுக்கற தற்காலிக கரண்ட்டுக்கு வீட்டு ரேட்ட விட யூனிட்டுக்கு ரொம்ப அதிகம், வீட்டு இணைப்பா மாறாம அதுலயே மாட்டிகிட்டு ஏசி போட பயந்து உக்காந்திருக்கற குடும்பத்த பாத்திருக்கேன்.

"கவனிச்சா முடிஞ்சுரும்"ங்கற கதையும் இதோட சேந்ததுதான். 2018 ல ஊழல் தடுப்புச் சட்டத்த திருத்தினதுலருந்து லஞ்சம் குடுக்கறவருக்கும் 7 வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தினதால குடுத்தேன்னா 7 நாளைக்குள்ள போலீஸ்லயோ லஞ்ச ஒழிப்புத் துறையிலயோ சொல்லணும், அப்போதான் தப்பலாம். அதவிட நடைமுறை விஷயம் ஒண்ணு, தப்பான நிலத்துக்கு காசு குடுத்து வாங்குன அனுமதி அந்த அதிகாரி மாறுனதும் வெறும் பேப்பர். அவர் திருநெல்வேலிக்கு போயிடுவாரு, நீங்க அதே வீட்லதான இருக்கணும்.

ரெண்டு வழிய ஒண்ணா ஓட்டலாமா

ஓட்டலாம், சில ஜோடி மட்டும். திருத்துன பிளான போட்டுட்டே, கெடு முடியறதுக்குள்ள அப்பீலும் பதிஞ்சு வைக்கலாம், புது பிளான் வந்துட்டா அப்பீல வாபஸ் வாங்கிக்கலாம். திருத்திப் போட்ட பிளானுக்குப் பதில் வரட்டும்னு காத்திருந்தா அந்த 2 மாசம் ஓடிடும், இத நிறைய எஞ்சினியருங்க சொல்றதே இல்ல. ஆனா அப்பீல்ல "என் அளவு சரி"ன்னு எழுதிட்டு திருத்துன பிளான்ல அளவ குறைச்சுக் காட்டாதீங்க, ரெண்டு பேப்பரும் ஒரே ஃபைல்ல போய் உக்காரும்.

ரிட்டும் அப்பீலும் ஒரே நேரத்துல ஓடாது. அப்பீல போட்டுட்டு அது மாசக்கணக்கா தூங்குனா, அத முடிச்சுக் குடுன்னு கேக்க ரிட் போடலாம், அந்த வரிசை நல்ல வரிசை. கட்டிகிட்டே அப்பீல் போறது மட்டும் வேணாம், விசாரணை அன்னிக்கு எதிர்த்தரப்பு போட்டோவோட வருவாங்க.

எங்க சொந்தக்காரத் தம்பி விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. லெட்டர வாட்சப்ல அனுப்பச் சொன்னேன். படிச்சா காரணம் ஒரே வரி: வில்லங்கச் சான்றுல கடைசி ரெண்டு வருஷம் இல்ல. அது ரிஜெக்டே இல்ல, ரிட்டர்ன். லாயருக்கு அட்வான்ஸ் குடுக்க காச எடுத்து வச்சிருந்தான், அத திருப்பி பேங்க்ல போட்டுட்டு அந்த வில்லங்கச் சான்றுக்கு (ஈசி) போட்டு எடுத்தான், சில நூறு ரூபா ஆச்சு.